பண்ணை தேடி வரும் பணக்காரப் பயணிகள்: முசிறிக்கு என்ன லாபம்?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக வேண்டுமானால் 2024 மே 7-ம் தேதி முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. அடுத்த ஆண்டு கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை தாங்காத அளவுக்குக் கூட்டம். இதைச் சுற்றுலாச் செய்தி என்று நினைத்து நம்மில் பலர் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்போம். ஆனால் முசிறி, தொட்டியம் பக்கம் காவிரிக் கரையில் வாழையும் கோரையும் வெற்றிலையும் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது.

கையில் பணம் உள்ளவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க விரும்புவதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கோடை வந்தால் மலைக்குப் போனார்கள். பிறகு சிங்கப்பூர், துபாய், மாலத்தீவு. நட்சத்திர விடுதி, நீச்சல் குளம், காலையில் நாற்பது வகைப் பலகாரம் என்று இருந்தது அவர்கள் விடுமுறை. அதெல்லாம் இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த வசதிகளை நடுத்தரக் குடும்பங்களும் எட்டிப் பிடித்துவிட்ட பிறகு, வசதி படைத்தவர்களின் நாட்டம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. நாலைந்து அறை மட்டுமே உள்ள வீடு, தட்டில் இருக்கும் காய் எந்தப் பாத்தியில் விளைந்தது என்று காட்டக்கூடிய ஆள், பிள்ளைகளுக்கு மாடு கறப்பதைக் காட்டும் இடம், ராத்திரியில் சத்தமில்லாத தூக்கம். கரோனா காலம் இந்தப் போக்கை இன்னும் வேகப்படுத்தியது. விமானம் ஏற முடியாத நாட்களில் சொந்தக் காரில் மூன்று நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும் தோட்டங்களைத் தேடிப் போய்ப் பழகியவர்கள், பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

பயிற்சி வகுப்பு ஒன்றில் இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: “நம்ம கொல்லைய யாரு சார் காசு குடுத்துப் பாக்க வருவா? நமக்கே பாத்துச் சலிச்சுப் போச்சு.” எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி நியாயமானது. வருகிறார்கள் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு.

காரைக்குடியில் ‘தி பங்களா’ என்ற விடுதி 1999-ல் தொடங்கியபோது செட்டிநாட்டுக்கு வெளிநாட்டுப் பயணி வருவான் என்று சொன்னால் நம்பியவர்கள் குறைவு. அங்கே கடலும் இல்லை, மலையும் இல்லை. பழைய வீடும் நல்ல சாப்பாடும்தான் இருந்தன. இன்று கானாடுகாத்தான் பக்கமும் பழைய வீடுகள் விடுதிகளாகி, பிரான்ஸிலிருந்தெல்லாம் வந்து தங்குகிறார்கள். சுவாமிமலையில் ஒரு பழைய கிராமத்து வீட்டைச் சுற்றி அமைந்த விடுதி, வேப்பத்தூரில் ஆற்றங்கரைக் குடில்கள் என்று காவிரிக் கரையில் இந்த வரிசை நீளும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் தங்கும் வீடுகள் வந்துவிட்டன. திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பிலிருந்து நேரே வந்து இறங்குகிறவர்கள் ஸ்ரீரங்கம் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர், செட்டிநாடு என்று தெற்கே போகிறார்கள். ஆற்றின் மேற்கே, ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் முசிறியை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

குடகில் நடந்தது

பண்ணைத் தங்கல் எப்படி வளரும், எங்கே இடறும் என்பதற்கு நமக்குப் பக்கத்துப் பாடம் குடகு. நம் வாய்க்காலில் ஓடும் தண்ணீர் பிறக்கிற மாவட்டம். 2000-ம் ஆண்டை ஒட்டி உலகச் சந்தையில் காபி விலை சரிந்தபோது, அங்குள்ள தோட்டக்காரர்கள் பலர் வீட்டில் காலியாக இருந்த அறையை விருந்தாளிகளுக்குத் திறந்துவிட்டார்கள். புதுக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. வீட்டில் சமைத்ததைப் பரிமாறி, காலையில் காபித் தோட்டத்தில் நடத்திக் கூட்டிப்போனார்கள். பெங்களூரில் கணினி வேலையில் சம்பாதித்தவர்கள் வரத் தொடங்கினார்கள். காபி விலை எழும்வரை பல குடும்பங்களுக்கு இந்த வரவு கைகொடுத்தது. அதுவரை சரி.

பிறகு தோட்டமே இல்லாதவர்களும் அறை கட்டினார்கள். வெளியூர்ப் பணம் வந்தது. சரிவுகளை வெட்டிக் கட்டடம் எழுந்தது. 2018 ஆகஸ்டில் பெருமழையும் மண்சரிவும் வந்தபோது, பயணிகளை ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று மாவட்ட நிர்வாகமே தடைபோட்டது. அறைகள் வெறிச்சோடின. அன்றைக்குக் காபியும் மிளகும் வைத்திருந்தவருக்கு ஒரு கால் போனாலும் இன்னொரு கால் இருந்தது. அறை மட்டும் வைத்திருந்தவருக்குக் கடன் தவணைதான் மிச்சம். அந்த மாதம் காவிரியில் வந்த வெள்ளத்தை நாமும் மறந்திருக்க மாட்டோம். ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில், கொள்ளிடத்துப் பக்கம் இருந்த 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன.

இத்தாலி நாட்டுக்காரர்கள் இந்தச் சிக்கலை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். அங்கே பண்ணைச் சுற்றுலாவுக்கு 1985-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். 2006-ல் திருத்தி எழுதினார்கள். அதன் அடிப்படை எளிமையானது: விவசாயம்தான் முதல் தொழில், விருந்தோம்பல் அதை ஒட்டிய துணைத் தொழில். விவசாயி அல்லாதவர் அந்தப் பெயரை வைத்துக்கொள்ள முடியாது. பரிமாறும் உணவில் தன் பண்ணையிலும் சுற்றுவட்டாரத்திலும் விளைந்தது பெரும்பங்கு இருக்க வேண்டும். விவசாயம் நின்றுவிட்டால் விடுதி உரிமமும் நிற்கும். நம் நாட்டில் மகாராஷ்டிரத்தில் பாராமதியை மையமாக வைத்து 2005-ல் பண்ணைச் சுற்றுலா முயற்சி தொடங்கி, 2020-ல் அந்த மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. குளிர்காலத்தில் பால் பிடித்த சோளக்கதிரை நெருப்பில் வாட்டி உதிர்த்துத் தின்ன நகரத்துக் குடும்பங்கள் பண்ணைக்கு வருவது அங்கே ஒரு திருவிழா மாதிரி. ‘ஹுர்டா’ என்பார்கள். நம் ஊர்க் கரிசல் காட்டுப் பிள்ளைகள் காசில்லாமல் செய்த வேலைதான் அது.

விருந்தாளி பணம் கொடுப்பது ஓடிக்கொண்டிருக்கும் பண்ணையைப் பார்க்கத்தான். வாழையை அழித்துவிட்டுப் புல்தரையும் செயற்கை நீரூற்றும் வைத்தால், அதைவிடப் பெரிய புல்தரை நகரத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முசிறியில் என்ன இருக்கிறது?

முதலில் ஆறு. மாயனூருக்கும் முக்கொம்புக்கும் இடையில் காவிரி விரிந்து கிடக்கும் இந்தப் பகுதியைத்தான் அகண்ட காவிரி என்கிறோம். முசிறிக்கும் குளித்தலைக்கும் இடையிலுள்ள பாலத்தில் மாலை ஐந்தரை மணிக்கு நின்றால் போதும், வேறு விளம்பரம் தேவையில்லை. இக்கரையில் திருஈங்கோய்மலை, அக்கரையில் கடம்பர் கோயிலும் அய்யர்மலையும். காலையில் கடம்பர், நண்பகலில் சொக்கர், அந்தியில் ஈங்கோய்நாதர் என்று ஒரே நாளில் மூன்றையும் தரிசிக்கும் வழக்கம் நம்மிடம் பழையது. நாள் முழுக்க ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பயணத் திட்டத்தை நம் பாட்டன்மார் ஏற்கெனவே போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்து வாழை. நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த வாழைப்பழம் ஒன்றுதான்: கடையில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் ஜி-9. பூவன், ஏலரிசி, கற்பூரவல்லி, ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன், செவ்வாழை, பச்சைநாடன் என்று எட்டுப் பெயர் சொன்னால் பெற்றோரே விழிக்கிறார்கள். 1993-ல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நம் திருச்சியில், தோகைமலைச் சாலையில் தாயனூரில் இருக்கிறது. 300-க்கும் மேற்பட்ட வாழை ரகங்களை வயலிலேயே வைத்துக் காக்கும் இடம் அது. இப்படி ஒரு நிலையம் பக்கத்தில் இருக்கும்போது, வரப்பு ஓரமாக பத்து ரகம், ரகத்துக்கு நான்கு கன்று என்று நாற்பது மரம் நட்டு வைப்பது பெரிய செலவே இல்லை. 2.1 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 900 மரம் நிற்கிறது. நாற்பது மரம் அதில் ஒரு மூலை. ஒரே தட்டில் ஐந்து ரகப் பழத்தை வைத்து ருசி பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குடும்பம் வீட்டுக்குப் போகும்போது கற்பூரவல்லி நாலு சீப்பு கேட்காமல் போகாது. மண்டி விலைக்கும் அந்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு கோரை. ஒருமுறை நட்டால் பல ஆண்டு அறுக்கும் பயிர். அறுத்து, கிழித்து, காயவைத்து, சாயம் போட்டு, தறியில் பாயாக இறங்கும்வரை எல்லாமே முசிறி வட்டாரத்துக்குள் நடக்கிறது. பச்சையாக நின்ற புல் பாயாக மாறுவதை ஒரே நாளில் கண்ணால் பார்த்த பயணி, பாயை விலை பேசுவதில்லை. கொடிக்காலும் அப்படித்தான். அகத்தி நிழலில், வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நடந்து பார்த்த நகரத்துக்காரர் மிகக் குறைவு.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். முசிறிக்கு வெளிநாட்டுப் பார்வையாளர்கள் புதிதல்ல. 2006-ல் சாலியர் தெருவில் ஸ்கோப் நிறுவனம் அமைத்த சூழல் கழிப்பறையைப் பார்க்க, கழிவை உரமாக்குவதைப் படிக்க, வெளிநாட்டு வல்லுநர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். பயன்படுத்துகிறவருக்கே காசு கொடுத்த கழிப்பறை அது. வசதியான விருந்தாளி பண்ணையில் மண் வீட்டைப் பொறுத்துக்கொள்வார், கொசுவலையைப் பொறுத்துக்கொள்வார், பழைய சோறு கேட்டே வாங்கிச் சாப்பிடுவார். சுத்தமில்லாத கழிப்பறையை மட்டும் பொறுக்க மாட்டார். ஒரு ரூபாய் செலவழிக்க இருந்தால் அதில் பாதியை முதலில் அங்கே போடுங்கள்.

கணக்கு

இந்தத் தொழிலைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் லாபத்தை மட்டும் சொல்வார்கள். கீழே உள்ளது கணக்குப் போடும் முறையைக் காட்ட நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஐந்து ஏக்கர்க்காரர் ஒருவர் 10 லட்சம் கடன் வாங்கிக் குளியலறையோடு இரண்டு அறை கட்டுகிறார். 10 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு வட்டி மட்டும் 1 லட்சம். சாப்பாட்டோடு ஓர் அறைக்கு இரவுக்கு 3,500 ரூபாய். ஆண்டுக்கு 60 இரவு இரண்டு அறையும் நிரம்பினால் வரவு 4 லட்சத்து 20 ஆயிரம். சமையல், துணி வெளுப்பு, ஆள் கூலி, மின்சாரம், பழுது என்று பாதி போனால் மீதி 2 லட்சத்து 10 ஆயிரம். வட்டி போக 1 லட்சத்து 10 ஆயிரம். அசலைத் திருப்புவது இனிமேல்தான். 60 இரவுக்குப் பதில் 30 இரவுதான் நிரம்பினால்? வரவு 2 லட்சத்து 10 ஆயிரம், செலவில் பாதி போய், வட்டி கட்டியதும் கையில் 5,000 ரூபாய் நிற்கும்.

இதே ஆள் அறை கட்டாமல், ஒரு நல்ல கழிப்பறையும் ஒரு கீற்றுக் கொட்டகையும் மட்டும் ஒன்றரை லட்சத்தில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்தில் தங்கியிருக்கும் குடும்பங்கள் காலையில் வந்து, தோட்டம் சுற்றி, வாழை இலையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டு, மாலையில் ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. ஒரு நாளைக்கு ஆறு பேர், தலைக்கு 1,500 ரூபாய், ஆண்டுக்கு 25 நாள். வரவு 2 லட்சத்து 25 ஆயிரம். பாதி செலவு போனாலும் 1 லட்சத்துக்கு மேல் நிற்கும். ஒன்றரை லட்சத்தைக் கடனாகவே வாங்கியிருந்தாலும் வட்டி 15,000 ரூபாய்தான். வராமல் போனால் நஷ்டம் கொட்டகையோடு முடிகிறது. அதனால் முதல் இரண்டு ஆண்டு பகல் விருந்தாளிகளோடு நிற்பதே நல்லது என்பது என் கருத்து. ஆட்களோடு பேசிப் பழகுவது நமக்கு ஒத்துவருகிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். எல்லோருக்கும் ஒத்துவராது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விருந்தாளியே வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கேரளத்தில் குமரகத்தில் 2008-ல் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் தொடங்கியபோது, அங்குள்ள பெரிய விடுதிகள் காய்கறி, மீன், தேங்காய் போன்றவற்றை உள்ளூர் மக்களிடமே வாங்க ஏற்பாடு செய்தார்கள். முதலில் விடுதிகள் தயங்கின. ஒரே அளவு, ஒரே தரம், தினமும் நேரத்துக்கு வருமா என்று கேட்டன. குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் விதைப்பதைப் பிரித்துப் போட்டு அதைச் சமாளித்தார்கள். திருச்சி, தஞ்சை விடுதிகளுக்கு இலையும் பூவும் தண்டும் பழமும் இப்படிக் கொடுக்க நம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களால் முடியும்.

செருப்பில் வரும் நோய்

இது என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சுற்றுலாக்காரர்கள் யாரும் இதைப் பேசுவதில்லை.

வாழையில் பனாமா வாடல் நோயை உண்டாக்கும் பூஞ்சாணம் மண்ணில் வாழ்கிறது. அதன் வித்துகள் பல பத்தாண்டுகள் மண்ணிலேயே தூங்கிக் கிடக்கும். ரஸ்தாளியையும் கற்பூரவல்லியையும் அடிக்கும் பழைய இனம் நமக்குத் தெரிந்த எதிரி. ஜி-9 ரகத்தையும் அழிக்கும் டிஆர்-4 என்ற இனம் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கண்டறியப்பட்டிருக்கிறது. நோய் வந்த வயலுக்கு மருந்தே கிடையாது. அது நடக்கும் பாதைகள் மூன்று: நோயுள்ள கன்று, பாசனத் தண்ணீர், மண். செருப்பிலும் டயரிலும் மண்வெட்டியிலும் ஒட்டிய ஒரு பிடி மண் போதும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், டல்லி என்ற ஊரில் 2015 மார்ச்சில் டிஆர்-4 தென்பட்டதும், சுற்றுவட்டார வாழைத் தோட்டங்கள் வேலியடைத்து, வாசலில் காலணிகளைக் கிருமிநீக்கம் செய்து, வெளியாட்களைக் கட்டுப்படுத்தின.

இப்போது யோசித்துப் பாருங்கள். வசதியான பயணி ஒரு பண்ணையோடு நிற்பதில்லை. போன வாரம் எந்த மாநிலத்துத் தோட்டத்தில் நடந்தாரோ, அதே ஷூவோடு உங்கள் வாழைக்குள் கால் வைக்கிறார். அதனால் விருந்தாளி வண்டி வாசலோடு நிற்க வேண்டும். உள்ளே நடக்கப் பண்ணைச் செருப்பு நீங்களே கொடுங்கள். பத்து ஜோடி ரப்பர் செருப்பு பெரிய காசில்லை. அவர்கள் காலணி வாசலிலேயே கிடக்கட்டும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் காலை நனைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். மண் ஒட்டியிருந்தால் அதன் வீரியம் போய்விடும். முதலில் தேய்த்து மண்ணைப் போக்க வேண்டும். செருப்பு மாற்றுவதே சுலபம். காரணத்தைச் சொன்னால் விருந்தாளி முகம் சுளிக்க மாட்டார், மாறாக, இவர் விவரமானவர் என்று மதிப்பார். பத்து ரகம் நடச் சொன்னேனே, அந்தக் கன்றுகளையும் கண்ட இடத்தில் வாங்காதீர்கள். நோயில்லாத தோட்டத்துக் கட்டை அல்லது நம்பகமான திசு வளர்ப்புக் கன்று மட்டும்.

பூச்சிமருந்து இன்னொரு விஷயம். தெளித்த வயலுக்குள் எத்தனை நாள் போகக் கூடாது என்று மருந்து டப்பாவிலேயே போட்டிருக்கும். விருந்தாளி வரும் வாரத்துக்கு ஏற்பத் தெளிப்பை முன்பின் மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்தப் பாத்திக்குள் யாரையும் விடாதீர்கள். குருணை, மருந்து டப்பா, காலிப் புட்டி எல்லாம் பூட்டுக்குள் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் எதையும் திறந்து பார்க்கும். யூரியா போடுகிறவர் ‘முழுக்க இயற்கை’ என்று பலகை வைக்கவும் வேண்டாம். வருகிறவர்கள் படித்தவர்கள், கேள்வி கேட்பார்கள். சான்று இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் என்ன போடுகிறோம், எவ்வளவு போடுகிறோம், ஏன் போடுகிறோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அந்தப் பேச்சுக்கே தனி மதிப்பு உண்டு.

பயிரும் விருந்தாளியும் ஒரே நாட்காட்டியில்

வெளிநாட்டுப் பயணியும் வெளிநாட்டுத் தமிழரும் அதிகம் வருவது கார்த்திகை முதல் மாசி வரை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் நிரம்பி வழியும். ஆற்றில் தண்ணீர் இருக்கும், வெயில் தணிந்திருக்கும். பங்குனிக்குப் பிறகு மணல்தான் தெரியும். சித்திரை வெயிலில் நாமே வெளியே வருவதில்லை. படுகை நிலத்தில் வாழை நட ஏற்றது தை-மாசி, ஆவணி-புரட்டாசி என இரண்டு பட்டங்கள். இரண்டிலும் பிரித்து நட்டால், மார்கழி, தை மாதங்களில் வருகிறவர் ஒரே நடையில் இளங்கன்று, குலை தள்ளிய மரம், வெட்டப்போகும் தார் மூன்றையும் பார்க்கலாம். தாரெல்லாம் ஒரே நேரத்தில் சந்தைக்குப் போய் விலை அடிபடும் கஷ்டமும் கொஞ்சம் குறையும். ஆனி, ஆடிக் காற்றில் எல்லா மரமும் ஒரே வயதில் நின்று ஒரே இரவில் சாயும் ஆபத்துக்கும் இது ஓரளவு மருந்து.

வெட்டும் நாள், கோரை அறுப்பு நாள் போன்றவற்றை விருந்தாளிக்காகத் தள்ளிப்போடாதீர்கள். அந்த நாளுக்கு அவர்களை வரச் சொல்லுங்கள். ஆற்றில் குளிக்க ஆசைப்படுவார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்த நாட்களிலும், மணல் எடுத்த பள்ளம் இருக்கும் துறையிலும் இறங்கவே விடக் கூடாது. மற்ற நாளில் துறை தெரிந்த ஆள் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

சட்டம், வரி, மின்சாரம்

சுருக்கமாகச் சொல்கிறேன். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. அறை வாடகையும் விருந்துக் கட்டணமும் விவசாய வருமானம் ஆகாது. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். இலவச விவசாய மின் இணைப்பில் விருந்தாளி அறை விளக்கை எரிக்கக் கூடாது. தனி இணைப்பு வாங்குங்கள். காசுக்கு உணவு பரிமாறினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் சேர, உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். அதிகபட்சம் ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை. கட்டடம் எழுப்பும் முன் ஊராட்சியிலும் நகர் ஊரமைப்புத் துறையிலும் அனுமதி கேளுங்கள். படுகையில் புறம்போக்கு எங்கே முடிகிறது, பட்டா எங்கே தொடங்குகிறது என்று சர்வேயரை வைத்து அளந்துகொள்வது எல்லாவற்றுக்கும் முன்னால்.

யாருக்குப் போகிறது பணம்?

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் பழைய தேயிலைத் தோட்டத் துரைமார்களின் பங்களாக்கள் 2005-ல் உயர்தர விடுதிகளாயின. உலகம் முழுவதிலிருந்தும் செல்வந்தர்கள் அங்கே வந்து தங்குகிறார்கள். ஜன்னலில் அவர்கள் பார்க்கும் அந்தப் பச்சை, மலையகத் தமிழர்களின் நாலைந்து தலைமுறை உழைப்பு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்கூலியை அந்த அறை வாடகையோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் மனம் வராது. முசிறியில் அப்படி ஆகிவிடக் கூடாது. தார் வெட்டும் ஆளும், பாய் நெய்யும் பெண்ணும் விருந்தாளி முன்னால் வேலையைச் செய்து காட்டினால், அது அவர்கள் நேரம்; அன்றைய கூலிக்கு மேல் தனியாகக் கொடுக்க வேண்டும், விருந்தாளி கொடுக்கும் அன்பளிப்பை நம்பி விடக் கூடாது.

வீட்டுக்குள்ளும் இதே கேள்விதான். பணம் ஆண் கையில், ஆறு பேருக்குச் சமைக்கும் வேலை பெண் தலையில் என்றால் ஒரு வருடத்தில் அந்தத் தொழில் நின்றுவிடும். வாழைப்பூ வடையும் தண்டுக் கூட்டும் விருந்தாளி மெச்சிய பொருள் என்றால் அதற்கு விலை உண்டு. சமையல் வரவைத் தனியாக எழுதி, சமைத்தவர் கணக்கில் போடுங்கள். சுயஉதவிக் குழு ஒன்றிடம் மொத்தமாகக் கொடுப்பது இன்னும் சுலபம்.

ஆற்றோரம் இடம் கேட்டு வெளியூர்க் கார்கள் வரத் தொடங்கினால், வாழை விலை கீழே கிடக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருவார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று கேட்டதும் கை நீளும். விற்பதும் விற்காததும் அவரவர் கஷ்டத்தைப் பொறுத்தது, அதில் உபதேசம் செய்ய நான் யார்? ஆனால் விற்றவர் அதே இடத்தில் காவல்காரராக நிற்பதைச் சில சுற்றுலா ஊர்களில் பார்த்திருக்கிறேன். முடிந்தவரை குத்தகையோடு நிறுத்துங்கள். ஆண்டு வரம்பு, பயிர் செய்யும் உரிமை, கிணற்றுத் தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் பதிவு செய்யுங்கள். தனி ஒருவராகப் பேசுவதைவிட உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து பேசினால் வருகிறவரும் யோசித்துத்தான் பேசுவார்.

பத்து ரக வரிசை போட நினைப்பவர்கள் ஆவணிப் பட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஆடி மாதத்திலேயே கன்றுக்குச் சொல்லிவைத்தால், அடுத்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் முதல் தார்கள் முற்றும். ஏலரிசியும் கற்பூரவல்லியும் ஒரே நேரத்தில் முற்றாது, ரகத்துக்கு ரகம் ஒன்றிரண்டு மாதம் முன்பின்னாகும். நடும் தேதியையும் ரகத்தின் பெயரையும் எழுதிய பலகை ஒவ்வொரு வரிசையிலும் இருக்கட்டும். எழுத்து தமிழில் பெரிதாக இருக்க வேண்டும்.